தண்ணடை முதல் கொந்தராத்து வரை: போர்ச்சேவைக்கான அரச முன்னுரிமை பற்றி மட்டக்களப்பிலிருந்து ஒரு நோக்கு

அரசாங்கம் தனக்கு வேண்டிய பண்டங்களையும் வேலைகளையும் கொள்வனவு செய்யும்பொழுது அவற்றின் ஒரு பகுதியைப் படையிலிருந்து ஓய்வுபெற்றோரின் நிறுவனங்களுக்கென ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிற் சட்டமாகவும் நிருவாக விதியாகவும் நிலைபெற்றுள்ளது. இதனை ஆதரிப்போர் நாட்டின் நன்றிக்கடன் என்பர். எதிர்ப்போர் சந்தைப் போட்டிக்கு இடையூறு என்பர். இவ்விரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. போரிட்டவனுக்கு அரசு கொடுப்பது எந்த உபரியிலிருந்து வருகின்றது, அது இறுதியில் யார் கையிற் சேர்கின்றது என்பதே அக்கேள்வி. இக்கட்டுரை அதனைத் தமிழ் இலக்கியச் சான்றுகள், கல்வெட்டுகள், மட்டக்களப்பின் சமூக வரலாறு ஆகியவற்றின் துணையுடன் ஆராய முற்படுகின்றது.

ஆய்வுக்கு ஒரு நிலைக்களன் வேண்டும். மட்டக்களப்பு–கல்முனை நெடுஞ்சாலையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலக்கீற்றில் அமைந்த ஊர் பெரியகல்லாறு. நிருவாக முறையில் அது மண்முனை தெற்கு எருவில் பற்றுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாகச் செல்லும் இந்தக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவர். குடியிருப்புகள் நெருங்கிக் கிடப்பது எழுவான்கரையில்; நெல்வயல் விரிந்து கிடப்பது படுவான்கரையில். குருமண்வெளித் துறையில் ஓடப்பாதையேறி மண்டூருக்குப் போவோரைப் பார்த்தவர்களுக்கு இப்பிரதேசத்தின் பொருளியல் அமைப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் ஒரு கரையில், அதற்கு உரிமை கொண்டாடும் குடி மறுகரையில். அவ்வுரிமை எவ்வாறு வந்தது என்று கேட்டால், மட்டக்களப்பு மரபு தரும் விடைகளுட் பல ஏதோவொரு போரிலேயே போய் முடிகின்றன.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல்கோள் இந்நிலக்கீற்றைக் கடுமையாகத் தாக்கியது. அதன்பின் வந்த மீள்கட்டுமானத்தில் வீடு, வீதி, வடிகால் என்று எல்லாமே கேள்விப்பத்திரத்தினூடாகவும் கொந்தராத்தினூடாகவும் நடந்தன. அரச செலவு என்பது கிராமத்தவர் கண்ணுக்குப் புலப்படும் உருவம் எடுத்தது. ஆகவே அரச கொள்வனவில் யாருக்கு முன்னிடம் என்னும் வினா இப்பிரதேசத்திற்குப் புத்தக வினா அன்று.

முதலில் இலக்கியத்தை நோக்குவோம். வீரயுகச் சமுதாயத்திற் போரின் பயன் நேரடியாகவே பங்கிடப்பட்டது. வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் பாதீடு என்பதைக் கூறும். கவர்ந்துவந்த ஆநிரையைப் பகுத்துக் கொடுத்தல் என்பது அதன் பொருள். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை இத்துறையை விளக்குமிடத்து, வாளெடுத்தவருக்கு மாத்திரமன்றி ஒற்றறிந்து சொன்னவருக்கும் புள்நிமித்தம் பார்த்தவருக்கும் பங்கு உண்டெனக் காட்டுகின்றது. பங்கு பெறுவோர் யார் என்னும் வரையறை, இன்றைய சட்டங்களின் முதற்பிரிவிற் காணப்படும் அதே சிக்கல், அப்பொழுதே எழுந்துவிட்டது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆநிரை பகிரப்பட்ட காலத்திற் கொடுப்பவனும் பெறுபவனும் ஒரே களத்தில் நின்றனர். பகிரப்பட்ட பொருளும் அனைவர் கண்முன்னும் நின்றது.

மருதநிலத்து வேளாண்மை பெருகி, வேந்தர் என்போர் குலத் தலைவரிலிருந்து வேறுபட்டு உயர்ந்தபொழுது கைம்மாறும் மாறியது. இங்கே ஒரு பாடபேதம் நமக்குப் பெருந்துணை புரிகின்றது. பொன்முடியார் பாடியதாகக் கொள்ளப்படும் புறநானூற்று 312ஆம் பாட்டுத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோரின் கடன்களை வரிசைப்படுத்துவது. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாட்டு. அதில் வேந்தன் கொடுக்கவேண்டியது யாதெனக் கூறும் இடத்தில் ‘நன்னடை’ என்பது ஒரு பாடம். ‘தண்ணடை’ என்பது இன்னொரு பாடம். முன்னையது நல்லொழுக்கம், பின்னையது நீர்வளம் மிக்க மருதநிலத்து ஊர். பாடநூல்களும் மேடைப் பேச்சாளரும் நன்னடையையே விரும்பினர். ஒழுக்கத்தைக் கொடுக்கும் அரசன், நிலத்தைக் கொடுக்கும் அரசனைவிட அவர்களுக்கு உவப்பானவனாக இருந்தான் போலும்! ஆனால் மறவர் தண்ணடை பெறுதல் பற்றிய பேச்சுப் புறநானூற்றின் வேறு பாட்டுகளிலும் வருகின்றது. சூழலை நோக்கும்பொழுது தண்ணடை என்னும் பாடமே பொருத்தமாகத் தோன்றுகின்றது. கொல்லன் வேல் வடிக்கின்றான், தாய் பெறுகின்றாள், வேந்தன் விளைநிலம் தருகின்றான்: இவை யாவும் படைவீரன் ஒருவனை உருவாக்குவதற்கான பொருட் செலவுகள். அவ்வாறு படிக்கும்பொழுது அப்பாட்டு ஓர் அறவுரை என்னும் நிலையிலிருந்து ஒரு கணக்கேடு என்னும் நிலைக்கு இறங்கி வருகின்றது. இறங்கி வருவதால் அதன் கவித்துவம் குன்றவில்லை.

கொடை என்ற சொல்லும் இவ்வாறே நுணுகி நோக்கத்தக்கது. வேந்தன் கொடுக்கும் நிலம் வெறுநிலமன்று. அதில் உழைப்போர் ஏற்கெனவே உள்ளனர். தண்ணடை பெற்ற வீரன் ஏர் பிடிப்பதில்லை; விளைச்சலிற் பங்கு கொள்கின்றான். ஆகவே வேந்தன் கொடுப்பது பிறருடைய உழைப்பின் பயனைப் பெறும் உரிமையை. கொடைப் பாட்டுகள் இவ்வுறவை மறைத்து, கொடுப்பவன் பெறுபவன் என்னும் இருவரை மாத்திரமே நமக்குக் காட்டுகின்றன. மூன்றாமவனாகிய உழவன் காட்சிக்கு வெளியே நிற்கின்றான்.

இறந்தவனுக்கும் கணக்கு இருந்தது. 1972இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுப்பு, தொறு மீட்டும் ஊர் காத்தும் பட்ட சாதாரண வீரர்களின் பெயர்களை நமக்கு மீட்டுத் தந்தது. அவ்வாறு பட்டவரின் குடும்பத்திற்கு விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி எனவும் நெய்த்தோர்பட்டி எனவும் வழங்கும். இரண்டும் குருதியைக் குறிக்கும் சொற்களை முன்னொட்டாகக் கொண்டவை. நிருவாகத் தமிழ் அக்காலத்தில் இவ்வளவு வெளிப்படையாக இருந்தது.

சோழர் காலத்திலும் அதன்பின்னரும் போர்ச்சேவைக்கான கைம்மாறு புதிய வடிவொன்றை மேற்கொண்டது. அது காவல். நிலத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக, அல்லது அதனோடு சேர்த்து, ஒரு நிறுவனத்தையோ ஊரையோ காக்கும் பொறுப்பும் அதற்கான வருவாயும் படைக் கூட்டத்திற்கு விடப்பட்டன. புதுக்கோட்டைப் பகுதியிற் படைப்பற்று என்றழைக்கப்பட்ட ஊர்கள் இருந்தன; அங்கு 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஊரார் தமது பாடிகாவல் உரிமையைச் சிற்றரசருக்கு விலைக்கு விற்ற செய்திகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பாதுகாப்பு விலைப்பொருளாகிவிட்டது. விற்றவர் காக்கப்பட வேண்டியவர். வாங்கியவரோ, பல சந்தர்ப்பங்களில், யாரிடமிருந்து காக்கப்பட வேண்டுமோ அவரே.

நமது நாட்டில் இதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று பொலன்னறுவை வேளைக்காரர் கல்வெட்டாகும். முதலாம் விஜயபாகு (1055–1110) இறந்தபின் பொறிக்கப்பட்ட இத்தமிழ்க் கல்வெட்டு, புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட பள்ளியை வேளைக்காரப் படையினர் தம் காவலில் ஏற்றுக்கொண்டமையைப் பதிவு செய்கின்றது. முகலன் என்னும் மகாதேரர் அவர்களை அழைத்துப் பொறுப்பைக் கையளிக்கின்றார். அவர்கள் பள்ளிக்கு மூன்றுகைத் திருவேளைக்காரரின் பெயரைச் சூட்டுகின்றனர். அதன் காவலுக்கென ஆளும் நிலமும் ஒதுக்கப்படுகின்றன. இக்கல்வெட்டைத் தமிழ் பௌத்த உறவின் சான்றாக எடுத்துக்காட்டுவோர் பலர். அது சரியே. ஆனால் நமது நோக்கிற் சிறப்பானது வேறொரு செய்தி. உடன்பாட்டைச் செய்யும்பொழுது வேளைக்காரர் தம் மூத்தோராகக் கருதி உடன் அழைத்துக்கொண்டவர்கள் வளஞ்சியரும் நகரத்தாரும், அதாவது பெருவணிகர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினரைக் கொண்ட கூலிப்படை வணிக மூலதனத்தின் அரவணைப்பில் நின்று, ஒரு பெரும் நிறுவனத்தின் காவலை உடன்படிக்கை மூலம் பெறுகின்றது. வணிகர் தம்மைக் காத்த வீரரைச் சிறப்பித்து ஊர்களை வீரபட்டினமாக்கியதற்கும் இந்நாட்டிலே தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. படைவீரன், வணிகன், ஒப்பந்தம் ஆகிய மூன்றும் ஒரே கல்லிற் சந்திப்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். இருபத்தோராம் நூற்றாண்டுக் கொழும்பிலும் இச்சந்திப்பைக் காணப்போகின்றோம்.

இனி மட்டக்களப்பு. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், அதற்கு முன் 1921இல் வெளிவந்த எஸ். ஓ. கனகரத்தினத்தின் மாவட்ட நூலும், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் (1964) முக்குவர்–திமிலர் போர் பற்றிய மரபைப் பல வகையிற் பேணியுள்ளன. வாவியின் மீன்வளமும் கரைநிலமும் யாருக்கு என்ற போட்டியில் முக்குவர் தனித்து வெல்ல இயலாது, பட்டாணியர் என்றழைக்கப்பட்ட முஸ்லிம் வணிக வீரரின் துணையைப் பெற்றனர். இருவரும் சேர்ந்து திமிலரை வடக்கே துரத்தினர் என்பது கதை. சத்துருக்கொண்டான், சந்திவெளி, வந்தாறுமூலை முதலிய ஊர்ப்பெயர்களை இத்துரத்தலின் படிகளாக விளக்குவர். வெற்றியின்பின் பட்டாணியருக்குக் கைம்மாறு என்ன என்ற கேள்வி எழுகின்றது. பொருளா, பெண்ணா என்று கேட்கப்பட்டபொழுது அவர்கள் பெண்கொண்டு ஏறாவூரில் நிலைத்தனர் எனவும், திமிலர் திரும்பி வராதவாறு வடவெல்லையில் அவர்கள் குடியிருத்தப்பட்டனர் எனவும் மரபு கூறுகின்றது.

மான்மியத்தை வரலாறாக எடுத்துக்கொள்வதில் உள்ள இடர்ப்பாடுகளை ஆய்வாளர் பலர் கூறியுள்ளனர். பல காலத்து மொழிநடைகள் அதிற் கலந்துள்ளன. குடிகளின் உரிமைகளை நிலைநாட்டுவதே அதன் பெரும்பகுதியின் நோக்கம். ஆனால் அந்நோக்கமே நமக்கு வேண்டியது. நிலவுடைமைக் குடியொன்று தன் உரிமைக்கு நியாயம் தேடும்பொழுது, முன்னோர் போரிற் செய்த சேவையை முன்வைக்கின்றது. கூட்டாளியின் குடியிருப்புக்கும் அதே நியாயத்தை வழங்குகின்றது. தோற்றவர் பற்றி அது பேசுவதில்லை. வெருகலுக்கு அப்பாற் போன திமிலர் அத்துடன் கதையிலிருந்தும் போய்விடுகின்றனர்.

கைம்மாறாகப் பெற்ற நிலம் பின்னர் என்னவாயிற்று என்பதில்தான் மட்டக்களப்பின் தனித்தன்மை உள்ளது. 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ தொகுத்து வெளியிட்ட முக்குவர் சட்டம் முதுசம், தேட்டம் என்னும் சொத்துப் பிரிவினையைக் கூறும். முதுசச் சொத்து ஆணின் மக்களுக்குச் செல்லாது சகோதரியின் மக்களுக்குச் சென்றது. காலப்போக்கில் இம்முறை தளர்ந்து, வீடும் வளவும் வயலும் சீதனமாக மகளின் பெயருக்கு எழுதப்படும் வழக்கமாக மாறியது. தமிழரிடையே போல முஸ்லிம்களிடையேயும் இது நிலைத்தது. ஆக, ஆண்கள் போரிட்டுப் பெற்றதாகச் சொல்லப்படும் நிலம் பெண்வழிக் குடிகளின் கையில் தங்கியது. போர்வீரனின் கைம்மாறு அவனோடு மறையாமலும் அவன் ஆண்வழியில் மாத்திரம் தேங்காமலும் போனமைக்கு இதுவே காரணம். மறுபுறத்தில், அந்நிலத்தில் உழைத்தோர் நிலை மாறவில்லை. போடியார் மேலே, முல்லைக்காரன் இடையே, வயற்காரன் கீழே என்ற அடுக்கு, நிலம் யார் பெயரில் எழுதப்பட்டாலும் அப்படியே நின்றது.

ஐரோப்பியர் காலத்தை விரிவாகக் கூற வேண்டியதில்லை. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர்; 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கரையோர இலங்கையில் இருவரும் பழைய சேவைநில முறையைத் தமக்கேற்பத் திருத்திப் பயன்படுத்தினர். இலாஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ப் படையினருக்கு ஊதியத்திற்குப் பதிலாக நிலவருவாய் விடப்பட்டது. உண்மையான உடைவு 1832இல் வந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதுவரை சேவைக்கு நிலம், நிலத்திற்குச் சேவை என்றிருந்த கட்டு அறுந்தது. வீதி போடவும் பாலம் கட்டவும் அரசு இனிக் கூலியாளையும், கூலியாளைத் திரட்டித் தரும் இடையாளையும் நாட வேண்டியதாயிற்று. வரிசேகரிப்பு முன்னரே ஏலத்தில் விடப்பட்டு வந்தது. நெல்வரியின் றேந்தைக்காரர் பற்றிய கசப்பு 1892இல் அவ்வரி நீக்கப்படும்வரை தீரவில்லை. றேந்தை என்ற சொல்லும் கொந்தராத்து என்ற சொல்லும் நம் பேச்சில் ஐரோப்பியக் கோட்டைகளின் வாயில் வழியாகவே நுழைந்தன. அவற்றோடு ஒரு புதிய வர்க்கமும் நுழைந்தது.

அதன்பின் போர்ச்சேவைக்கான கைம்மாறு ஓய்வூதியம் என்னும் காசு வடிவை எடுத்தது. நிலம் முற்றாக மறைந்துவிடவில்லை. பஞ்சாபில் 1880கள் தொடக்கம் வெட்டப்பட்ட கால்வாய்களின் பாசன நிலங்களில் ஒரு பகுதியை ஆங்கிலேயர் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்குக் கொடுத்தனர். முதலாம் உலகப் போருக்குப் பின்னும் அதனைத் தொடர்ந்தனர். படைக்கு ஆள் தரும் மாகாணத்தை அரசோடு பிணைத்து வைப்பதற்கான தண்ணடை அது. கொடுக்கக்கூடிய புதுநிலம் தீர்ந்துபோன நாடுகளிலும், நிலத்தைவிட அரச செலவே பெரிய செல்வமாகிவிட்ட நாடுகளிலும் வேறு வழி காணப்பட்டது. அந்த வழியே நமது கட்டுரைப் பொருள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டு முதலே அரசாங்க வேலைகளில் முன்னாட் படையினருக்கு முன்னிடம் உண்டு. 1999இல் நிறைவேறிய சட்டம் அதனை வேலையிலிருந்து வணிகத்திற்கு நகர்த்தியது. படைச்சேவையில் ஊனமுற்றோர் உடைமையாகவுள்ள சிறு நிறுவனங்களுக்குக் கூட்டாட்சி அரசின் ஒப்பந்த மதிப்பில் நூற்றுக்கு 3 பங்கு செல்ல வேண்டுமென்பது இலக்கு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய நிறுவனங்களுக்கு மாத்திரம் கேள்விகோரவும், சில சந்தர்ப்பங்களிற் கேள்வியின்றியே கொடுக்கவும் இடமளித்தது. 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாட் படையினர் நலத் திணைக்களம் தன் ஒப்பந்தங்களில் இம்முன்னுரிமையைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2024 முதல் இலக்கு நூற்றுக்கு 5 ஆக உயர்ந்துள்ளது. நடைமுறை எவ்வாறிருந்தது? 2009இல் அந்நாட்டு அரச கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்த 10 நிறுவனங்கள் மாத்திரம், தகுதியின்றியோ விதியை மீறியோ ஏறத்தாழ 10 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தங்களைப் பெற்றிருந்தமை வெளிப்பட்டது. ஊனமுற்ற வீரனின் பெயர் முகப்பில், வேலையும் இலாபமும் வேறொரு பெருநிறுவனத்திடம் என்பது இம்மோசடியின் பொதுவடிவம். பெயரை வாடகைக்கு விடும் இம்முறை நம்மவருக்குப் புதிதன்று. பினாமி என்று அதற்கொரு சொல்லே வைத்திருக்கின்றோம்.

மோசடியைக் காட்டி முழு முறையையும் தள்ளிவிடுவது எளிது. அது ஆழமற்ற விமரிசனமுமாகும். விதி ஒழுங்காகப் பின்பற்றப்படும் இடத்தில் என்ன நடக்கின்றது என்பதே பெரிய வினா. இந்தியாவைப் பார்ப்போம். பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள மீள்குடியமர்வு இயக்ககம் அரச நிலக்கரிச் சுரங்கங்களில் நிலக்கரி ஏற்றி இறக்கும் வேலையை முன்னாட் படையினர் கம்பனிகளுக்குப் பெற்றுக்கொடுக்கின்றது. கம்பனியை நடத்துவோர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள். வீரரின் விதவைகளும் ஊனமுற்றோரும் ஒரு தொகையை வைப்பிலிட்டு, கம்பனியின் பாரவண்டியொன்றோடு தம் பெயரை இணைத்து, மாதந்தோறும் நிலையான தொகையொன்றைப் பெறலாம். சாதாரணச் சிப்பாய் அங்கே சாரதியாகவோ காவலாளியாகவோ கூலி பெறுகின்றான். படையிலிருந்த படிநிலை மாறாமல், அதிகாரி முதலாளியாகவும் விதவை வட்டி பெறுபவளாகவும் சிப்பாய் தொழிலாளியாகவும் சந்தைப் பொருளாதாரத்தில் மறுபிறப்பெடுத்துள்ளனர். பாசறையின் வர்க்க அமைப்பை இவ்வளவு துலக்கமாகப் பிரதிசெய்த பிறிதொரு திட்டத்தைக் காண்பது அரிது.

தமிழ்நாட்டில் 1986இல் அரசுக் கழகமாகத் தொடங்கிய டெக்ஸ்கோ ஓரளவு வேறுபட்டது. தனியார் முதலாளிக்குப் பதிலாக அரசுக் கழகமே இடையில் நின்று, முன்னாட் படையினரை அரச அலுவலகங்களுக்கும் மின்நிலையங்களுக்கும் காவலராக அனுப்புகின்றது. இடைத்தரகு இலாபம் தனிமனிதர் பைக்குப் போகாதது ஒரு முன்னேற்றமே. ஆயினும் எஞ்சுவது வாயிற்காவல். பாடிகாவலில் ஊரின் வருவாயிற் பங்கு இருந்தது, வேளைக்காரருக்கு நிலம் இருந்தது, இவர்களுக்கு மாதக்கூலி.

இலங்கையில் ரணவிரு சேவா அதிகாரசபை 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டமும் அதே ஆண்டினது என்பது தற்செயல் ஒற்றுமை. ஆனால் இரண்டுக்கும் பின்னணி நீண்ட போர்களில் உடலும் உயிரும் இழந்தவர் தொகை பெருகியமையே. 2006இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ், முழு அரச உடைமையாக ரக்ன ஆரக்சக லங்கா என்னும் நிறுவனம் பதிவாயிற்று. ஓய்வுபெற்ற படையினரைக் கொண்டு அரச நிறுவனங்களின் காவல் வேலையை அது பொறுப்பேற்றது. 12ஆம் நூற்றாண்டுப் பொலன்னறுவைக்கும் இதற்கும் எட்டுக்கு மேற்பட்ட நூற்றாண்டு இடைவெளி. செய்யும் தொழில் ஒன்று. இப்படையினரிற் பெரும்பாலோர் வறிய சிங்களக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வேறு வேலை இல்லாத பிரதேசங்களின் இளைஞர்க்கு இராணுவமே பெரிய தொழில்தருநராக இருந்தது. அவர்களை வெறுமனே சலுகை பெற்றோர் என்று ஒதுக்கிப் பேசுவது, போடியாரையும் வயற்காரனையும் ஒரே குடியினர் என்பதற்காக ஒன்றாகக் கருதுவதைப் போன்றதாகும். ஆனால் படை ஏறத்தாழ முழுமையாக ஓரினத்திலிருந்து திரட்டப்பட்டிருக்கும் நாட்டில், இனத்தின் பெயரையே உச்சரிக்காத ஒரு கொள்வனவு விதியும் இனவிதியாகவே இயங்கும் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

மட்டக்களப்பில் இவ்வினா கூர்மையடைகின்றது. போர் 2009இல் முடிந்தபின் புனர்வாழ்வு பெற்று வெளிவந்த முன்னாட் போராளிகள் அரச கணக்கின்படி 12,000 அளவினர். வடகிழக்கில் விதவைகள் 89,000 பேர், அவர்களுட் கிழக்கில் மாத்திரம் 49,000 பேர் என்பது 2010இல் அரசாங்கத் தரப்பில் வெளியிடப்பட்ட தொகை. புனர்வாழ்வு பெற்றோருக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கிடைத்தன. அரச கொள்வனவில் அவர்களுக்கென எவ்வித முன்னிடமும் ஒதுக்கப்படவில்லை. விதவைகளுள் எத்தனை பேர் போராளியின் மனைவி, எத்தனை பேர் மீனவனின் மனைவி, எத்தனை பேர் வயற்காரனின் மனைவி என்று பிரித்துப் பார்ப்பது வறுமையைக் கணக்கிட உதவாது. ஆனால் போர்ச்சேவையை அளவுகோலாகக் கொண்ட எந்தத் திட்டமும் அவ்வாறு பிரித்தே பார்க்கும். வெருகலுக்கு அப்பாற் போனவர்களுக்கு மான்மியத்தில் இடமில்லாதது போலவே இதுவும்.

அரச கொள்வனவில் முன்னுரிமை என்னும் கருத்தையே மறுப்பது நமது நிலைப்பாடன்று. நாட்டின் மிகப் பெரிய வாங்குநர் அரசு. அது திறந்த போட்டி என்று சொல்லி எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், இயந்திரமும் வங்கிப் பிணையும் உள்ளவனே வரிசையின் முன்னால் நிற்பான். ஆகவே முன்னுரிமை வேண்டும். அதற்கான அடிப்படை உழைப்பும் தேவையும் ஆதல் வேண்டும் என்பதே நமது வாதம். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கேரளத்து வடகரைப் பகுதியில், சாதி எதிர்ப்புச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் வழியைப் பின்பற்றியதற்காக நிலவுடைமையாளர் வேலை மறுத்த தொழிலாளர் 1925இல் ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். வீதி வேலையையும் பால வேலையையும் தாமே கொந்தராத்தெடுத்தனர். தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுகளுக்குக் கேரள அரசு அளித்த விலைச் சலுகை அவர்களுக்குக் கைகொடுத்தது. இன்று இந்தியாவின் பெரிய கட்டுமான நிறுவனங்களோடு போட்டியிடும் நிலையில் அச்சங்கம் உள்ளது. வேலை செய்வோரே உறுப்பினர். அங்கே முன்னுரிமை, இடையாளை வளர்க்காமல் அகற்றியது.

இலங்கையின் 2006ஆம் ஆண்டுக் கொள்வனவு வழிகாட்டியும் சிறுவேலைகளைக் கிராமிய சமூக அமைப்புகளுக்குப் போட்டியின்றிக் கொடுக்க இடம் வைத்திருந்தது. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அதன்படி வடிகாலும் கொங்கிறீட்டு ஒழுங்கையும் செய்யக்கூடியனவாயிருந்தன. வேலையின் பெறுமதி உச்சவரம்பைத் தாண்டிய இடத்திற் சங்கம் நின்றுவிட்டது. அதற்கப்பால் தரப்படுத்தப்பட்ட ஒப்பந்தகாரரின் உலகம். அங்கே நுழையப் பிணை வைக்க வேண்டும். எழுவான்கரையில் பிணை வைக்கத்தக்க சொத்து என்றால் வீடும் வளவும். அவை பெண்ணின் பெயரில் உள்ளவை. அவள் பெயரில் உள்ள உறுதியை ஈடுவைத்து ஆண் கொந்தராத்தெடுப்பதற்குத் தடையில்லை. அவளே எடுப்பதற்கும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் எந்த முன்னுரிமைப் பட்டியலிலும் அவளுக்கு இடம் வைக்கப்படவில்லை.

கடல்கோளுக்குப் பின் அந்த உறுதியே ஆட்டங்கண்டது. கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டோருக்குப் புதிய வீடுகள் வழங்கப்பட்டபொழுது, அரச படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ என்று கேட்டன. பல இடங்களில் உறுதி கணவன் பெயருக்கு எழுதப்பட்டது. கடல் கொண்டுபோன வீடு தாய்வழியில் அவளுக்கு வந்த சீதனம். அரசு கொடுத்த வீடு அவனுடையது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின; கூட்டுரிமை கோரின.